மலையில் இரவு நேரத்தில் நாய்க்கு வாந்தியும் கழிச்சலும்: வீட்டில் வைத்து எதுவரை பார்க்கலாம்?

கோத்தகிரி ஆசிரியை
சனிக்கிழமை, காலை 6.50

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில், பேருந்து நிறுத்தத்தில் இறங்கித் தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து வர வேண்டிய வீடு எங்களுடையது. எங்கள் நாய் செவலைக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. நாட்டு நாயும் லாப்ரடாரும் கலந்தவன். சென்ற மாதம் எடை பார்த்தபோது 18 கிலோ இருந்தான்.

நேற்று மாலை 7 மணிக்கு முதல் முறை வாந்தி எடுத்தான். உண்ட சோறு செரிக்காமல் அப்படியே வந்தது. அதன் பிறகு இரண்டு முறை மஞ்சள் நுரையாக வந்தது. நள்ளிரவிலிருந்து இப்போது வரை ஐந்து முறை மலம் கழித்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அளவு மிகக் குறைவு, ஆனால் நெடுநேரம் முக்குகிறான். மலத்தின் மீது மூக்குச்சளி போன்ற வழவழப்பு படர்ந்திருக்கிறது. கடைசி முறை ஒரு நூலிழை அளவுக்குச் சிவப்பும் தெரிந்தது. தண்ணீரை ஆவலாகக் குடிக்கிறான், குடித்த சற்று நேரத்தில் கக்கிவிடுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து வருகிறான், வாலும் ஆடுகிறது.

வியாழக்கிழமை பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) திருமண விருந்து நடந்தது. இலைகளைக் கொட்டிய இடத்திற்கு அவன் போய் வந்தான் என்று பையன்கள் சொல்கிறார்கள். தடுப்பூசிகள் ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்கிறோம். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தோம் என்று நினைவில்லை. பொங்கலுக்கு முன்பாக இருக்கலாம்.

எங்கள் சிக்கல் இரவு நேரம்தான். அவன் கதவைப் பிறாண்டும்போதெல்லாம் வெளியே விட முடிவதில்லை. கீழே தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிச் சென்று இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஆகவே நேற்றிரவு விறகுக் கொட்டகையில் சாக்கை விரித்து, அடுப்புச் சாம்பலைக் கொட்டி, அங்கேயே கட்டி வைத்தோம். நாளை ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மழை வேறு விடாமல் பெய்கிறது.

அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், அதையும் கக்கிவிட்டான். அடுத்து மாதுளைத் தோல் கஷாயம் போடலாமா என்று கேட்கிறார்கள். மருந்துக்கடையில் மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை இரண்டைக் கொடுத்து, பாதி பாதியாகக் கொடுக்கச் சொன்னார்கள். இன்னும் கொடுக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, உணவை நிறுத்த வேண்டுமா, எந்த நிலையில் மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்னூர்
சனிக்கிழமை, காலை 7.25

அம்மா, நான் மருத்துவர் அல்லன். கால்நடை மருந்தகங்களில் மருத்துவர்களின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அது லோபெரமைடு என்றால், குடலின் அசைவையே கட்டிப்போடும். கெட்டுப்போன உணவோ கிருமியோ குடலில் இருக்கும்போது அதை வெளியேற விடாமல் உள்ளேயே பூட்டி வைப்பது போலாகும். கோலி (Collie) போன்ற சில மேய்ப்பு நாய் இனங்களுக்கு அது மூளைவரை சென்று பாதிக்கும். அதேபோல, வயிறு வலிக்கிறதோ என்று எண்ணிப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். வாந்தியைவிட அந்த மாத்திரையால் நாய் சாகும் வாய்ப்பு அதிகம். மெட்ரோனிடசோலையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். சாதாரணக் கழிச்சல் பெரும்பாலும் தானாகவே சில நாட்களில் அடங்கிவிடும், அந்த மருந்து குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும்.

நீங்கள் மலத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியது பெரிய உதவி. அளவு குறைவு, முக்கல், சளி, கடைசியில் சிறிது புதுச் சிவப்பு என்றால் கோளாறு பெருங்குடலில் இருக்கிறது என்று பொருள். முக்குவதைப் பார்த்துப் பலர் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள், அது தவறு. சிறுகுடலில் கோளாறு என்றால் மலம் நிறையப் போகும், தண்ணீராகப் போகும், நாய் விரைவில் வற்றிவிடும். மலம் தார் போலக் கறுத்து ஒட்டினால் இரத்தம் மேலே, இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிகிறது என்று கொள்ள வேண்டும். அந்த நூலிழைச் சிவப்பைவிட இந்தக் கறுப்புக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

இப்போது அவனை மடியில் சாய்த்து மூன்றைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும், ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். பசை போல விரலில் ஒட்டினால் உடலில் நீர் குறைந்துவிட்டது. தோள்களுக்கு நடுவே தோலைக் கிள்ளி விடுங்கள்: உடனே பழைய இடத்திற்குப் போய்விட வேண்டும், கூடாரம் போல நிற்கக் கூடாது. மூன்றாவது வெப்பநிலை. சாதாரண டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் செலுத்திப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. மனிதக் கணக்கில் அதைக் காய்ச்சல் என்று நினைத்துவிடக் கூடாது. 103.5-ஐத் தாண்டினாலோ, 100-க்குக் கீழே இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். நம் மலைக் குளிரில் நீர் வற்றிய நாயின் சூடு விரைவாக இறங்கும். ஈரமான சாக்கை எடுத்துவிட்டு உலர்ந்த சாக்கின் மேல் பழைய கம்பளி ஒன்றைப் போடுங்கள்.

தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைப்பதுதான் பலர் செய்யும் பிழை. தாகத்தில் மடமடவென்று குடிக்கும், இரைப்பை விரியும், அடுத்த நிமிடம் எல்லாம் வெளியே வந்துவிடும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, அரைமணிக்கு ஒரு முறை இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் வையுங்கள். ஒரு மணி நேரம் தங்கினால் அளவைச் சிறிது கூட்டுங்கள். 18 கிலோ எடையுள்ள நாய்க்கு, கழிச்சலே இல்லாவிட்டாலும், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் நீர் தேவைப்படும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால், உறையில் சொன்னபடி ஒரு லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து இதே கரண்டிக் கணக்கில் கொடுக்கலாம். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் கரைக்க வேண்டாம். சர்க்கரை நீக்கிய பானங்கள் எதுவும் கூடாது. சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு நாய்க்கு நஞ்சு. குடிக்க மறுத்தால் ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், தலையை அண்ணாக்க வேண்டாம், நீர் நுரையீரலுக்குள் போய்விடும். பொதுவாக ஒரு சொல்: 1907 முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் இயங்கிவரும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விட முடியாது. தடுப்பூசி போடாத நாய் விழுங்க முடியாமல் எச்சில் வடித்தால், குரல் மாறினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கையை விடவே கூடாது, அது வெறிநோயாக இருக்கலாம். செவலைக்குத் தடுப்பூசி இருப்பதால் உங்களுக்கு அந்த அச்சம் வேண்டாம்.

ஓமமும் மாதுளைத் தோலும் இப்போது வேண்டாம் என்று அம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்கள். அவை கெட்டவை என்பதால் அல்ல. புண்ணாகியிருக்கும் இரைப்பையில் கசப்பும் காரமும் போனால் மீண்டும் வாந்திதான் வரும்.

இலைக் குப்பையில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள். கோழித்தோலும் கொழுப்பும் நிறையத் தின்றிருந்தால் கணையம் வீங்கும். அப்போது நாய் முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்திப் பின்பகுதியை உயர்த்தி, கும்பிடுவது போல நிற்கும். வயிற்றைத் தொட்டால் முனகும். அப்படி நின்றால் உடனே கிளம்ப வேண்டும். சாக்லேட் ஏதும் தின்றானா என்பதையும் கேளுங்கள்.

எந்த நேரம் வரை பார்க்கலாம் என்பதற்கு என் கணக்கு வேறு. சமவெளியில் இருப்பவருக்கு ‘24 மணி நேரம் பாருங்கள்’ என்று சொல்லலாம். நமக்கு அது பொருந்தாது. கோத்தகிரியிலிருந்து மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர் மலைச்சாலை. மாலையில் மூடுபனி இறங்கினால் அரைமணிக்கு நான்கு வளைவு போக முடியாது. 2009 நவம்பர் மழையில் சாலைகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே இன்று பகல் 2 மணியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை என்றாலும், ஈறு ஒட்டினாலும், இரத்தம் கூடினாலும், அவன் எழ மறுத்தாலும், வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுங்கள். வண்டிக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.


பூம்பாறை
சனிக்கிழமை, காலை 8.10

ஆய்வாளர் ஐயா சொன்ன 2 மணிக் கணக்கை நான் பட்டு அறிந்தவள். கொடைக்கானலுக்கு அப்பால் எங்கள் ஊர். கடந்த கோடையில் உறவினர் வீட்டுக்குக் கொடைக்கானல் சென்றபோது, சுற்றுலாப் பயணிகள் சுட்ட சோளத்தைத் தின்று எறிந்த கட்டை ஒன்றை எங்கள் நாய் கடித்து விழுங்கியிருக்கிறது. மசாலாவும் வெண்ணெயும் தடவிய கட்டை நாய்க்கு எலும்பைவிட ருசி. எங்களுக்கு அது தெரியாது.

முதல் நாள் வாந்தியும் சிறிது கழிச்சலும் இருந்தன. இரண்டாம் நாள் கழிச்சல் நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். பிழை அங்கேதான். மலம் நின்றுபோனதற்குக் காரணம் குடல் அடைபட்டது. வாந்தி மட்டும் தொடர்ந்தது, கடைசியில் அதன் நாற்றமே மல நாற்றமாக மாறியது. மூன்றாம் நாள் வத்தலக்குண்டு வழியாக இறங்கி, எக்ஸ்ரே எடுத்து, வயிற்றைத் திறந்தார்கள். ஒரு விரல் நீளத்திற்குக் கட்டைத் துண்டு. அதன் இரு பக்கமும் குடல் கருநீலமாக இருந்தது என்று மருத்துவர் காட்டினார். பிழைத்துவிட்டது, ஆனால் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, தங்கையே, வாந்தியையும் சற்றுக் கிளறிப் பாருங்கள். குச்சியால் பரப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக், எலும்புச் சில்லு, சோளக்கட்டைத் துணுக்கு எல்லாம் தெரியும். நம் மலைகளில் பட்டர் ஃப்ரூட் கொட்டையும் பிளம்ஸ் கொட்டையும் இதே வேலையைச் செய்யும். விருந்து வீட்டுக் குப்பையில் குழம்பு ஊறிய பாலிதீன் பையைச் சாப்பிடும் நாய்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஊர் மலைப்பூண்டு பெயர் பெற்றது. வயிறு சரியில்லாத நாய்க்கு இரண்டு பல் பூண்டை நசுக்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்று அந்த மருத்துவர்தான் சொன்னார். ஈறு வெளுப்பது தின்ற அன்று தெரியாது, சில நாள் கழித்தே தெரியும். ஆகவே யாரும் பூண்டின் மேல் பழி போடுவதில்லை.


கோத்தகிரி ஆசிரியை
சனிக்கிழமை, காலை 9.40

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. வெப்பநிலை 102.2. ஈறு ஈரமாக இருக்கிறது; அழுத்தி எடுத்ததும் நிறம் திரும்புகிறது. கும்பிடுவது போல நிற்கவில்லை. 8 மணியிலிருந்து கரண்டிக் கணக்கில் நீர் கொடுக்கிறோம், இதுவரை ஒன்றும் வெளியே வரவில்லை. மலம் ஒரு முறை, அதே சளி, சிவப்பு இல்லை.

விருந்து வீட்டில் விசாரித்தேன். கோழிக்கழிவு தனிக் குழியில் புதைக்கப்பட்டதாம். ஆனால் சீருக்கு வந்த இனிப்புப் பெட்டிகளும், ஊட்டி வர்க்கி என்ற அடுக்கு பிஸ்கட் பொட்டலங்களும், வீட்டில் செய்த சாக்லேட் பெட்டி ஒன்றும் திண்ணையில் இருந்து காணாமல் போயிருக்கின்றன. யார் தின்றது என்று தெரியவில்லை. சாக்லேட் என்றதும் பயமாக இருக்கிறது.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்னூர்
சனிக்கிழமை, காலை 10.05

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் குறையும், அம்மா. சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாவது தியோபுரோமின். ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தியும் கழிச்சலும் படபடப்பும் தொடங்கும். 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு கெடும். 60 அளவில் வலிப்பு வரும். செவலையின் எடைக்கு முதல் அறிகுறிக்கே 360 மில்லிகிராம் வேண்டும். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம், கறுப்புச் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கும் மேல் இருக்கும். ஆகவே பால் சாக்லேட் என்றால் சுமார் 180 கிராம், கறுப்பு என்றால் சுமார் 70 கிராம். நம் ஊர்க் கடைகளில் கால் கிலோப் பெட்டி சாதாரணம் என்பதால் இந்த அளவு எட்டாதது அல்ல. ஆனால் அவன் தின்றது வியாழக்கிழமை என்றால், வாந்தி தொடங்கியது வெள்ளி மாலை. சாக்லேட் நஞ்சு பெரும்பாலும் தின்ற 6 முதல் 12 மணி நேரத்திற்குள் வெளிப்பட்டுவிடும். அதில் நாய் அமைதியாகப் படுத்திராது, இரைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். செவலையிடம் அவை இல்லை. இருந்தாலும் அந்தச் சாக்லேட்டில் உலர்திராட்சை இருந்ததா என்று கேளுங்கள். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவு சொல்ல முடியாது. இருந்தது என்று தெரிந்தால், அவன் தேறினாலும் இன்றே மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

வர்க்கிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தனை அடுக்குக்கும் கொழுப்புப் பூசித்தானே சுடுகிறார்கள்? நாமே நான்கு தின்றால் நெஞ்சு கரிக்கும்.


கேத்தி விவசாயி
சனிக்கிழமை, காலை 10.50

காய்கறித் தோட்டம் பக்கத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் அடியுரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கை நாய்கள் விரும்பித் தின்னும். எலும்புத்தூளோடு கலந்து போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், மண்ணைத் தோண்டித் தின்னும். ஆமணக்கு ஆட்டிய சக்கையில் ரிசின் என்ற நஞ்சு தங்கும். நன்றாகச் சூடாக்கிப் பதப்படுத்தாத புண்ணாக்கில் அது அப்படியே இருக்கும். தின்ற அன்றே தெரியாமல் மறுநாள்கூட வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரலாம், ஆகவே நேரக் கணக்கு இதற்கும் பொருந்துகிறது. எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு நாயை இழந்தோம். அது என் தவறு; மூட்டையை மூடாமல் வைத்துவிட்டேன்.

அப்படித் தின்றது தெரிந்தால் வீட்டு வைத்தியத்திற்கு இடமே இல்லை. உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள், அதையும் செய்யாதீர்கள். உப்பே தனியாக ஒரு நஞ்சாகிவிடும். மூட்டையில் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள். பூச்சிமருந்து என்றாலும் இதேதான்.


கோத்தகிரி ஆசிரியை
சனிக்கிழமை, காலை 11.15

எங்களைச் சுற்றித் தேயிலை மட்டுமே இருக்கிறது. கடந்த பத்து நாட்களாக மழையால் மருந்து அடிக்கவில்லை என்று மேஸ்திரி சொன்னார். சாக்லேட்டில் முந்திரியும் பாதாமும் மட்டுமே இருந்தன என்று கொண்டு வந்தவர்களே உறுதியாகச் சொன்னார்கள். மூன்று மணி நேரமாக வாந்தி இல்லை. உணவு கொடுக்கலாமா?


ஊட்டி, பிங்கர்போஸ்ட்
சனிக்கிழமை, காலை 11.30

எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளாக நாய் வளர்க்கிறோம். வயிறு கெட்டால் முழுதாக 24 மணி நேரம் பட்டினி போடுவோம், புல்லைத் தின்று தானே சரிசெய்துகொள்ளும். இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. காட்டில் செந்நாய்க்கு யார் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறார்கள்?


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்னூர்
சனிக்கிழமை, காலை 11.55

செந்நாய்கள் எத்தனை செத்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் காலத்தில் நானும் 24 மணி நேரப் பட்டினியைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது மருத்துவர்கள் அவ்வளவு நீட்டுவதில்லை. குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய ஊட்டத்தில் பெரும்பகுதியைத் தன் வழியே போகும் உணவிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. நெடுநேரம் வெறுமையாக விட்டால் ஆறுவது தாமதமாகும். வாந்தி இருந்தால் வளர்ந்த நாய்க்கு 8 முதல் 12 மணி நேரம் இரைப்பைக்கு ஓய்வு போதும். கழிச்சல் மட்டும் என்றால் பட்டினியே வேண்டாம். குட்டிகளுக்கும், மிகச் சிறிய இன நாய்களுக்கும், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் நாய்களுக்கும் பட்டினி ஆபத்து. புல்லைப் பற்றி வாதிட மாட்டேன், நலமாக இருக்கும் நாயும் தின்னும்.

ஆசிரியை அம்மா, நேற்று மாலையிலிருந்து அவன் உண்ணவில்லை, அதுவே போதுமான ஓய்வு. பச்சரிசியைக் குழைய வேகவையுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஊட்டியில் 93 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். ஆகவே திறந்த பானையில் வைத்தால் சோறு வெந்தது போலத் தெரிந்தாலும் நடுவில் விறைப்பாக இருக்கும். குக்கரில் தண்ணீர் அதிகமாக விட்டு வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள், கரண்டியால் மசித்தால் களி போலாக வேண்டும். தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைத் தனியாக வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, கறி ஒரு பங்கு, சோறு இரண்டு பங்கு என்று கலக்குங்கள். உப்பு, மஞ்சள், மிளகு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கறி வெந்த நீரை ஆறவைத்து, மேலே படரும் கொழுப்பை எடுத்துவிட்டு, அதையே குடிக்கவும் கொடுக்கலாம். கடையில் விற்கும் சூப் கட்டியில் வெங்காயத்தூள் இருக்கும், அது கூடாது.

முதல் வேளை இரண்டு மேசைக்கரண்டி மட்டும். தங்கினால் இரண்டு மணி நேரம் கழித்து அதைப்போல் இரண்டு மடங்கு. இன்று முழுவதும் சேர்த்து வழக்கமான உணவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நாளை முதல் தோல் நீக்கி வேகவைத்த மஞ்சள் பூசணி ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். பெருங்குடல் கழிச்சலில் அதன் நார் மலத்தைத் திரட்டும். தயிர் அவனுக்கு முன்பே பழக்கம் என்றால் ஒரு கரண்டி போதும், பால் வேண்டவே வேண்டாம். தாளித்த தயிர்சாதம் தயிர் அல்ல என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். பீட்ரூட்டை இந்த ஒரு வாரம் அவன் கண்ணில் காட்டாதீர்கள். நஞ்சு என்பதால் அல்ல; மலம் சிவந்தால் இரத்தமா கிழங்கா என்று நம்மால் பிரித்தறிய முடியாது.


பெருமாள்மலை
சனிக்கிழமை, பிற்பகல் 1.20

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்களிடம் இரண்டரை மாதக் குட்டி இருக்கிறது. நேற்றிலிருந்து வாந்தி, இன்று காலை நீர் போன்ற கழிச்சல், கடும் நாற்றம். ஒரே ஒரு தடுப்பூசிதான் போட்டிருக்கிறோம். இதே சோறும் கறியும் கொடுத்துப் பார்க்கலாமா?


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்னூர்
சனிக்கிழமை, பிற்பகல் 1.26

வேண்டாம். இதைப் படித்து முடிப்பதற்குள் குட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஒரு தடுப்பூசி பாதுகாப்பு ஆகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் முடியும்வரை போட வேண்டும். நீங்கள் சொல்வது பார்வோ என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அந்தக் குட்டிக்கு வேண்டியது நரம்பு வழியாக நீர் ஏற்றுவது. அதை வீட்டில் செய்ய முடியாது. வண்டியில் போகும்போது ஈற்றில் சிறிது தேனோ சர்க்கரைக் கரைசலோ விரலால் தடவுங்கள், சர்க்கரை இறங்கித் துவளாமல் இருக்கும். மருந்தகத்தில் மற்ற நாய்கள் இருந்தால் உள்ளே போகாமல் வாசலில் நின்று முதலில் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் குட்டி இருந்த இடத்தை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு நீர் கலந்து கழுவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் சாகாது.


கோத்தகிரி ஆசிரியை
சனிக்கிழமை, பிற்பகல் 2.05

ஐயா சொன்ன 2 மணி ஆகிவிட்டது. தண்ணீர் தங்கியிருக்கிறது. 12.30-க்குக் கொடுத்த இரண்டு கரண்டிச் சோறும் தங்கியிருக்கிறது. ஈறு ஈரம். வெப்பநிலை 101.8. வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லவா, அனுப்பிவிடலாமா?


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்னூர்
சனிக்கிழமை, பிற்பகல் 2.15

அனுப்பிவிடுங்கள். ஆனால் அவருடைய எண்ணைக் கையில் வைத்திருங்கள். இரவில் வயிறு மத்தளம் போல உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் மட்டும் மழை, பனி எதையும் பார்க்காமல் புறப்பட வேண்டும். இரைப்பை முறுக்கிக்கொள்வது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். ராஜபாளையம், டாபர்மேன் போல மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு அது அதிகம் வரும், செவலைக்கு வாய்ப்புக் குறைவு. படுக்கும் முன் கடைசியாக இரண்டு கரண்டிச் சோறு கொடுத்துவிட்டால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் வரும் மஞ்சள் நுரையும் வராது.

மலத்தை அள்ளும்போது கையுறை போடுங்கள், சாம்பலோடு சேர்த்துக் குழியில் புதையுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் உருண்டைப்புழுவின் முட்டை அவர்களுக்கும் போகும். இந்த மழையில் தேங்கிய நீரைக் குடித்திருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். கண்ணின் வெள்ளையோ ஈறோ மஞ்சளானால், சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால், அது இரைப்பைக் கோளாறே அல்ல. உண்ணிக் காய்ச்சலிலும் அந்த நிறம் வரும்.


கோத்தகிரி ஆசிரியை
திங்கட்கிழமை, மாலை 5.30

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மழையில் நேற்று முழுவதும் மின்சாரம் இல்லை.

சனி இரவு இரண்டு முறை கொட்டகையில் போனான், இரண்டிலும் சளி இருந்தது. ஞாயிறு காலை ஒரு முறை, களி போல. பூசணி சேர்த்த பிறகு இன்று காலை சாம்பலில் உருளும் அளவுக்கு உருவம் வந்துவிட்டது. வாந்தி சனிக்கிழமை காலைக்குப் பிறகு இல்லை. இன்று பள்ளி முடிந்ததும் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். நுண்ணோக்கியில் பார்த்துக் கொக்கிப்புழு முட்டை இருக்கிறது என்றார் மருத்துவர். எடைக்கு ஏற்பப் புழு மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று சீட்டில் எழுதித் தந்தார். பழைய உணவுக்கு ஐந்து நாட்களில் மெல்ல மாறச் சொன்னார்: நாளை கால் பங்கு, அடுத்து பாதி என்று. எடை 17 கிலோ 400 கிராம்.

வர்க்கிப் பொட்டலத்தின் வெள்ளித்தாள் நேற்று விறகடுக்கின் பின்னால் கிடைத்தது, பல் பதிந்து. அம்மா அதைச் செவலையின் முகத்துக்கு நேரே காட்டித் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தாளை நக்கப் பார்த்தான்.

பெருமாள்மலைக் குட்டி எப்படி இருக்கிறது?


பெருமாள்மலை
திங்கட்கிழமை, இரவு 8.45

பார்வோதான். சனிக்கிழமை மாலையிலிருந்து மருந்து நீர் ஏற்றுகிறார்கள். இன்று பிற்பகல் முதன்முறையாகத் தானே தலையைத் தூக்கி ஒரு கரண்டி நீர் குடித்தது, கக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். நான் மருந்தகத்து வாசலில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.